ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்குக் கொழும்பில் காசு கட்டப்போகிறவர்கள் வாசியுங்கள்

நோர்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சிறிய கப்பலில் பயணம், பனியாறு, துருவக் கரடி, நள்ளிரவுச் சூரியன் என்று சொல்லிக் கொழும்பில் ஆள் சேர்க்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஓய்வுபெற்று இருக்கிற பலருக்கு வட்ஸ்அப்பில் அந்த விளம்பரம் வந்திருக்கும். நானும் சின்னக்காவும் அத்தானும் அப்படி ஒரு முகவர் நிலையத்தில் முழுக் காசையும் கட்டி ஏமாந்தோம். பொலிஸ் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்த விதத்தை மட்டும் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அத்தான் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவர். கரும்பலகையில் பனியாறு கீறிக் கீறியே காலம் போனது, ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முழங்கால் நோ கூடிக்கொண்டு வந்ததால், போவதென்றால் இப்போதே போக வேண்டும் என்று முடிவெடுத்தோம். தலைக்கு எட்டாயிரம் டொலருக்கு மேல். அக்காவின் சேமலாப நிதி, என் நிலையான வைப்பு எல்லாம் அதற்குள் போனது.

2025 யூலைப் பயணம் என்று பேச்சு. ஏறத்தாழ நூறு பேர் மட்டும் போகிற கப்பல், ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லொங்யேர்பியெனில் ஏறி அங்கேயே இறங்குவது, தினமும் ரப்பர் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள் என்றார்கள். கையில் தந்த பளபளப்பான புத்தகத்தில் கப்பலின் படமும் பெயரும் இருந்தன. மக்டலேன பியோர்ட் (பியோர்ட் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு போகிற கடல்), ஹின்லோபன் நீரிணை, கடற்பறவைகள் அடுக்கடுக்காக இருக்கும் அல்கபியெல்லெட் பாறை என்று ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம். கரடியை 30 மீற்றர் தூரத்தில் பார்க்கலாம் என்றும் அச்சடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியே பொய். ஸ்வால்பார்டில் துருவக் கரடியை 300 மீற்றருக்குக் கிட்டப் போவது சட்டப்படி குற்றம். மார்ச் 1 முதல் யூன் 30 வரை 500 மீற்றர். கரடியைக் கிட்டக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், அவருக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

காசை ரூபாயில், அவர்கள் சொன்ன டொலர் விலைக்கு, அவர்களுடைய நடைமுறைக் கணக்கில் போடச் சொன்னார்கள். தந்த பற்றுச்சீட்டில் ‘சுற்றுலா முற்பணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கப்பலின் பெயர் இல்லை, கபின் இலக்கம் இல்லை, கப்பல் கொம்பனியின் பதிவு இலக்கம் இல்லை. கேட்டபோது, “அதெல்லாம் கடைசி நேரத்தில தான் அன்ட்டி வரும்” என்றார் மேசையில் இருந்த தம்பி.

அடுத்தது விசா. இது பலருக்குத் தெரியாத சங்கதி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்வால்பார்ட் நோர்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், இல்லை. 1920இல் கைச்சாத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையின்படி நடக்கிற இடம், அங்கே கால்வைக்க யாருக்கும் விசா தேவையில்லை. முகவர்கள் இந்தப் பாதியை மட்டும் சொல்வார்கள். மற்றப் பாதி என்னவென்றால், இலங்கையிலிருந்து போகிற நாங்கள் ஒஸ்லோ வழியாகத்தான் போக வேண்டும். ஒஸ்லோவில் இறங்கும்போது ஷெங்கனுக்குள் ஒரு தரம் நுழைகிறோம். லொங்யேர்பியென் விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறோம். திரும்பி ஒஸ்லோ வரும்போது இரண்டாவது தரம் நுழைகிறோம். ஆகவே இரண்டு தரம் நுழையக்கூடிய விசா கட்டாயம் வேண்டும்.

எங்கள் கடவுச்சீட்டில் விசா ஒட்டி வந்ததும் சந்தோஷத்தில் படம் எடுத்து, ஒஸ்லோவில் இருக்கும் பெரியக்காவின் மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே எடுத்தாள். “சித்தி, இதில 01 என்று இருக்கு. ஒரு தரம் தான் உள்ளே வரலாம். ஸ்வால்பார்ட் போனால் திரும்பி ஒஸ்லோவுக்குள்ள விடமாட்டாங்கள்.” விசா ஒட்டுப்பத்திரத்தில் எத்தனை தரம் நுழையலாம் என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். 01, 02, அல்லது பலமுறை என்பதைக் குறிக்கும் எழுத்துகள் அதில் இருக்கும். எங்கள் மூவருக்கும் 01.

முகவரிடம் ஓடினோம். “ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்ல அன்ட்டி, நீங்க யோசிக்காதீங்க. கொழும்பு நோர்வே எம்பசியில எங்களுக்கு ஆள் இருக்கு, பார்த்துக்கொள்ளலாம்.” கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியிலேயே மூடப்பட்டுவிட்டது. இல்லாத தூதரகத்தில் ஆள் இருப்பதாக எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டேன். தர மனமில்லை. அத்தான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்று இருந்த பிறகு தந்தார்கள். ‘ஒரு தரம்’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டிருந்தது. பயணத் திட்டத்தில் ஸ்வால்பார்ட் என்ற சொல்லே இல்லை. ஒஸ்லோவிலும் வட நோர்வேயின் ட்ரொம்சோ நகரிலும் ஹோட்டலில் தங்குவதாக எழுதி, நாங்கள் கேள்விப்படாத ஹோட்டல் பதிவுகளையும் இணைத்திருந்தார்கள். அதன் அடியில் எங்கள் கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அதற்கு மேல் பொய்யை நிரப்பியிருக்கிறார்கள். பிடிபட்டிருந்தால் விசா மறுப்பு விழுவது எங்கள் மூவரின் பெயரில். காசு போனதை விட எனக்கு இது தான் பெரிய ஆத்திரம்.

சில நாள் கழித்துத் தாங்களே கூப்பிட்டார்கள். திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், யூலைக் கப்பல் தவறிவிடும், அதனால் ஓகஸ்ட்டில் வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டோம், “அதே பயணம் தான், இதை விடப் பெரிய கப்பல்” என்றார்கள். இரண்டாம் விசாவின் கட்டணத்தையும் எங்களிடமே வாங்கினார்கள். துருவ உடைத் தொகுதி என்று இன்னொரு தொகை. வந்தது புறக்கோட்டைப் பாதையோரத்தில் தொங்குகிற மழை அங்கி. நெஞ்சில் தைத்திருந்த கரடிச் சின்னம் அக்கா ஒரு தரம் போட்டுக் கழற்றும்போதே நூல் விட்டது. சிறிய துருவக் கப்பல்கள் பலவற்றில் ரப்பர் சப்பாத்தைக் கப்பலிலேயே இரவலாகத் தருவார்கள், குளிர் அங்கியைச் சிலர் இலவசமாகவே தருவார்கள் என்பது பிறகு தான் தெரியவந்தது.

ட்ரொம்சோவில் போய் ஏறினால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு சாதாரண உல்லாசக் கப்பல். ஏறின அன்றே அத்தான் தன் வரைபடத்தை விரித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனார். மக்டலேன பியோர்ட், ஹின்லோபன் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்ட வரைபடம். அங்கிருந்த பெண் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். லொங்யேர்பியெனில் ஒரு பகல். அதைச் சுற்றிய இஸ்பியோர்டில் கொஞ்ச நேரம். மிச்சம் எல்லாம் திறந்த கடலும் நோர்வேயின் பெருநிலத் துறைமுகங்களும். “நீங்கள் வட்டம் போட்ட இடங்கள் இந்தக் கப்பலின் திட்டத்தில் ஒருபோதும் இருக்கவில்லை. நாங்கள் விரும்பினாலும் போக முடியாது” என்றார்.

காரணம் சட்டம். 2025 சனவரி 1 முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. அந்தத் தீவுகளின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. சிறிய கப்பலும் அந்தப் பகுதிகளுக்குள் நினைத்த இடத்தில் ஆட்களை இறக்க முடியாது. குறித்துக் கொடுத்த 43 இடங்களில் மட்டுமே. முன்பு பெரிய கப்பல்கள் மக்டலேன பியோர்ட் வரை போனது உண்மை. அந்தக் காலத்துப் புத்தகத்தைத் தான் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

லொங்யேர்பியென் அழகான ஊர், அதை மறுக்கமாட்டேன். 78 பாகை வடக்கு. ஊர் எல்லையில் கரடி எச்சரிக்கைப் பலகை. துவக்கோடு வழிகாட்டி இல்லாமல் அதைத் தாண்டுவது ஆபத்து. அத்தான் பலகையடியில் நின்று, பள்ளத்தாக்கின் முடிவில் தெரிந்த பனியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “சரி பிள்ளை, வாங்கோ போவம்” என்று திரும்பினார். அவர் பார்த்த பனியாறு அவ்வளவு தான். கிட்டப் போகவில்லை.

கொழும்பு திரும்பியதும், புத்தகத்தில் இருந்த அந்தச் சிறிய கப்பலின் கொம்பனிக்கு நேரடியாக ஈமெயில் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் மூவரின் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. யாரோ இடைத்தரகர் ஒருவர் அந்த யூலைப் பயணத்தில் இரண்டு கபின்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்தார். முற்பணம் கட்டாததால் மார்ச் மாதமே அது தானாக நீங்கிவிட்டது. விசா விண்ணப்பித்ததோ ஏப்ரலில். அதாவது, விசா பிழையாகும் முன்பே எங்களுக்குக் கப்பல் இல்லை. ‘ஒரு தரம்’ என்று வேண்டுமென்றே நிரப்பினார்களா என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் இல்லாத கப்பலை மறைக்க அந்தப் பிழை அவர்களுக்கு நல்ல சாட்டாகிப் போனது. நாங்கள் போன பெரிய கப்பலின் அதே பயணத்துக்கு இணையத்தில் விலை பார்த்தேன். நாங்கள் கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது.

காப்புறுதியையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு எடுத்துத் தந்தது ஷெங்கன் விசாவுக்குக் கேட்கிற ஆகக் குறைந்த 30,000 யூரோ பத்திரம். செல்லுபடியாகும் இடம் ‘ஷெங்கன் நாடுகள்’ என்று மட்டும் போட்டிருந்தது. ஸ்வால்பார்ட் அதற்குள் வராது. அந்தக் கடலில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஹெலிகொப்டர் தான் வழி. 2023 செப்டெம்பரில் கிரீன்லாந்தின் அல்பபியோர்டில் ‘ஓஷன் எக்ஸ்புளோரர்’ என்ற பயணக் கப்பல் 206 பேரோடு தரைதட்டி, மூன்று நாளுக்குப் பிறகு தான் இழுத்து விடுவிக்கப்பட்டது. அவ்வளவு ஒதுங்கிய இடங்கள் இவை. அறுபது, எழுபது வயது ஆட்களை அந்தப் பத்திரத்தோடு அனுப்ப எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காசு கட்டுகிறவர்கள் அன்றைக்கே கப்பல் கொம்பனியின் பதிவு இலக்கத்தையும், உங்கள் பெயர் போட்ட உறுதிப்பத்திரத்தையும் கேளுங்கள். கையில் வந்ததும் அந்தக் கொம்பனிக்கே எழுதி, பதிவு இருக்கிறதா, எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். முகவர் மூலம் பதிந்தவர்களுக்குச் சில கொம்பனிகள் முழு விபரமும் தராது. ஆனால் பதிவு இருக்கிறதா இல்லையா என்பதையாவது சொல்லும். கப்பல் எத்தனை பேரை ஏற்றும் என்று கேளுங்கள். விசா படிவத்தை நீங்களே நிரப்புங்கள், எங்கே போகிறீர்களோ அதை உள்ளபடி எழுதுங்கள்.

முகவர் இதுவரை திருப்பித் தந்தது உடைத் தொகுதியின் காசு மட்டும். பொலிஸிலும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சபையின் தொலைபேசி இலக்கம் 1977. தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு, அந்தப் பழைய புத்தகம் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தது தான் இப்போது எங்களுக்கு உதவுகிறது.

இதை எழுத வைத்தது போன கிழமை வந்த செய்தி. அதே இடத்தில் இப்போது அந்தாட்டிக்காவுக்கு முற்பணம் வாங்குகிறார்கள், கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கட்டியும்விட்டது. அங்கேயும் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றுகிற கப்பல் ஒருவரையும் கரையில் இறக்காது, இறக்குகிற கப்பலும் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்காது. நீங்களும் கட்டியிருந்தால், மிச்சத் தவணையைக் கொடுக்க முதல் இன்றைக்கே கப்பல் கொம்பனிக்கு எழுதிக் கேளுங்கள். எங்களுக்கு வந்தது போன்ற பதில் வந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக்கொடுக்கலாம்.