மோட்டரை மாத்தணும் என்றார்கள், கோளாறு ஒரு போல்ட்டில் இருந்தது

சுங்கை சிப்புட்டில் எஸ்டேட்டுக்குத் திரும்பும் முனையில் இருக்கும், கார் வயரிங் பார்க்கும் வயர்மேன் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் காரின் பவர் சீட் (சுவிட்சை அமுக்கினால் மோட்டரில் நகரும் சீட்) எந்தப் பக்கமும் அசையவில்லை. முதலில் போன இன்னொரு பட்டறையில் குனிந்துகூடப் பார்க்காமல் "மோட்டர் போச்சு, 800 ரிங்கிட்" என்றார்கள். இந்த அண்ணன் பியூஸைப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. அப்புறம் உள்விளக்கைப் போட்டுவிட்டு சீட் சுவிட்சை அமுக்கச் சொன்னார். விளக்கு மங்கினால் கரண்ட் போகிறது, மோட்டர் இறுகிக் கிடக்கலாம், மங்காவிட்டால் அனேகமாகக் கரண்டே ஓடவில்லை என்று அர்த்தமாம். மங்கவில்லை. மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது, கனெக்டரின் எர்த் முனையில் வைத்தால் ஒன்றுமே இல்லை. அதாவது கரண்ட் வருகிறது, பாடிக்குத் திரும்பிப் போகும் எர்த் வழிதான் அறுந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் முழுக்கத் துரு, வயர் நுனியில் பச்சை பூத்திருந்தது. (நனைந்த குடையை அங்கேயே போடுவது யார் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும்.)

சுரண்டி இறுக்கியதற்கு 40 ரிங்கிட். சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது என்பதால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் பொறுத்துத்தான் அங்கே சுரண்ட ஆரம்பித்தார், அது எனக்குப் பிடித்தது. உட்கார நாற்காலி மட்டும் கிடையாது, இரண்டு மணி நேரம் டயர் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.