ஜிம்னி சியெரா: ஜேஎல்லோ ஜேசியோ? யாழ்ப்பாணத்து உப்பிலும் கல்லிலும் ஓடிப் பார்த்த கணக்கு

"ஜேஎல் எடுக்கவோ, ஜேசி எடுக்கவோ?" 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, இங்கே சுசுகியின் சின்ன 4x4 வண்டியான ஜிம்னி சியெரா தேடுகிற ஆட்கள் எல்லோரும் வந்து நிற்கிற கேள்வி இதுதான். ஜேஎல், ஜேசி என்பவை அதன் இரண்டு கிறேட் (தரவகை); ஜேசி விலை கூடியது. வாகனம் எடுத்துத் தருகிறவர்களிடம் கேட்டால் "ஜேசி ஃபுல் ஒப்சன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் காசு கட்டக்கூடாது. நண்பர் ஒருவரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். போன கிழமை ஒரு ஜேசிக்கு முன்கண்ணாடி மாற்றிய எரிச்சலும் இன்னும் ஆறவில்லை. அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எது ஒன்றுதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1462 சிசி இயந்திரம், ஏணிச் செசி, முன்னும் பின்னும் முழு அச்சு, 2எச்–4எச்–4எல் கைப்பிடி (2எச் இரண்டு சில்லு இழுவை, 4எச் நான்கு சில்லு இழுவை, 4எல் மெதுவான, பலமான நான்கு சில்லு இழுவை), 210 மில்லிமீற்றர் நில இடைவெளி, வழுக்கும் சில்லைப் பிரேக் பிடித்து மற்றச் சில்லுக்கு விசை அனுப்பும் முறை, எல்லாம் இரண்டிலும் உண்டு. மணலிலோ சேற்றிலோ ஜேசி போகும் இடமெல்லாம் ஜேஎல்லும் போகும். இதைத் தெரியாமல் "ஏறுகிற பலம்" கூட என்று நினைத்து ஜேசிக்குக் காசு கூட்டிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிசியை வைத்து விதிக்கும் உற்பத்தி வரியும் இரண்டுக்கும் ஒன்றுதான். வண்டியின் பெறுமதியை வைத்து வருகிற சுங்க வரியிலும் வற் வரியிலும்தான் கிறேட் வித்தியாசம் ஏறும்.

ஜேசியில் கூட வருவது: எல்ஈடி ஹெட்லைற், அதைக் கழுவும் வாசர், அலோய் றிம், தோல் சுற்றிய ஸ்ரியரிங், வண்டி நிறத்திலேயே கதவுப் பிடியும் பக்கக் கண்ணாடியும். ஏசி ஓட்டோமற்றிக், பொத்தான் அழுத்தி ஸ்ராட் பண்ணுவது ஆகியவை ஜேஎல்லிலும் வரும். சீற் ஹீற்றரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேசத் தேவையில்லை. இரட்டை நிறம் ஜேசியில் மட்டும்தான் கிடைக்கும், கூரை கறுப்பு. சித்திரை, வைகாசி வெயிலில் முற்றத்தில் நிற்கப்போகிற வண்டிக்குக் கறுப்புக் கூரை வேண்டாம், வெள்ளையோ ஐவரியோ எடுங்கள்.

இனி றிம். ஜேஎல்லின் இரும்பு றிம்மை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. வீதி ஓரத்தில் தார் முடிகிற இடத்தில் கல் கத்திபோல நிற்கும். நெடுந்தீவில் பவளக்கல் மதில் சரிந்து கிடக்கும் பாதைகளைச் சொல்லவே தேவையில்லை. இரும்பு றிம் அடிபட்டால் நெளியும். நெளிந்ததை ரயர் கடையிலேயே கழற்றி, விளிம்பைத் தட்டி நேராக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் காற்றுப் போகிறதா என்று பார்த்துப் போட்டுவிடலாம். அலோய் நெளியாமல் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் உட்பக்க விளிம்பில் விழுவதால் வெளியில் தெரியாது. மூன்று நாளுக்கு ஒருக்கால் காற்று இறங்குகிறது என்றால் வால்வை மாற்றிக்கொண்டிருக்காமல், சில்லைக் கழற்றி உள் விளிம்பைப் பாருங்கள். வெடித்த அலோயை ஒட்டித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஏ9 இல் 70, 80இல் ஓடும் வண்டிக்கு ஒட்டின றிம்மைப் போடாதீர்கள்.

மணற்காட்டு மணல்மேட்டிலோ சுண்டிக்குளம் பக்கமோ இறங்குவதற்கு முன் ரயரை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், ஸ்ரியரிங்கை வெட்டித் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். 4எச்சில் மணலில் நிற்கும்போது ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தடுக்கும் முறை) இயந்திர விசையைக் குறைத்து வண்டியை மூச்சடைக்க வைக்கும். ஈஎஸ்பி ஓஃப் பொத்தானை முதலே அழுத்துங்கள். 2எச்சிலிருந்து 4எச்சுக்கு ஓடிக்கொண்டே மாற்றலாம், 4எல்லுக்கு வண்டி முழுதாக நிற்க வேண்டும். மணல் தெரிந்த பிறகு மாற்றாமல், தார் முடிகிற இடத்திலேயே மாற்றிக்கொண்டு இறங்குவது நல்லது. வெளியே வந்ததும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றாமல் தார் வீதியில் வேகமெடுக்கக் கூடாது. இறக்கின காற்றோடு ஓடினால் ரயரின் பக்கச்சுவர் சூடேறிக் கெடும்.

இரும்புக்கு உப்பு எதிரி என்பதும் உண்மை. பண்ணைப் பாலத்தாலும் சங்குப்பிட்டிப் பாலத்தாலும் தினமும் போய்வருகிற வண்டியின் இரும்பு றிம்மில், ரயர் விளிம்பு வந்து இருக்கும் இடத்தில் கறள் பிடிக்கும். அந்தக் கறளின் ஊடாகத்தான் பிறகு காற்றுக் கசியும். ரயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே பெயின்ற் பூசச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை. அதைவிடக் கவனிக்க வேண்டியது செசி. ஏணிச் செசியின் பெட்டிக் குழாய்களுக்குள் உப்பு மணல் போய் அடைபடும். கடற்கரை போய்வந்த அன்றே நன்னீர்க் குழாயைச் செசி ஓட்டைகளுக்குள் விட்டு, கீழ்த் துளைகளால் வருகிற தண்ணீர் தெளியும் வரை ஓடவிடுங்கள். சியெராவின் அகலப் பிளாஸ்ரிக் மட்காட்டுகளுக்குப் பின்னாலும், பின் பம்பருக்கு உள்ளேயும், சுருள்வில் இருக்கும் கிண்ணங்களிலும் மண் தங்கும். வண்டி புதிதாக வந்த கிழமையே செசிக்குள் மெழுகு அடிப்பித்துவிட வேண்டும். கறள் பிடித்த பிறகு அதன் மேல் கறுப்புத் தார் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலை. வெளியே பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். இது ஜேஎல்லுக்கும் ஜேசிக்கும் ஒரே மாதிரித்தான். ஆனால் கிறேட் வித்தியாசத்தில் மிஞ்சும் காசு இதற்கும் தாருக்கும் மணலுக்கும் ஏற்ற நல்ல ஏ/ரி ரயர் ஐந்துக்கும் தாராளமாகப் போதும். ஜேஎல்லின் பெரிய பலம் அதுதான்.

அடுத்தது கமரா. முன்கண்ணாடியின் உச்சியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால், முன்னே வருவதைப் பார்த்துப் பிரேக் பிடிக்க உதவும் கமராவும், முந்தின வண்டிகளில் அதோடு லேசர் உணரியும் இருக்கும். ஜேசியில் அது தொடக்கத்திலிருந்தே வரும். முந்தின ஜேஎல்களில் விருப்பத்துக்குரிய ஒன்றாக இருந்ததால் சில வண்டிகளில் இருக்கும், சிலவற்றில் இராது. ஜப்பான் ஏலத் தாளை மட்டும் நம்பாமல் வண்டியின் படத்தில் கண்ணாடியைப் பெருப்பித்துப் பாருங்கள். கல் லொறிக்குப் பின்னால் போய்க் கண்ணாடி வெடித்தால், கமரா இல்லாத வண்டிக்குக் கண்ணாடி மட்டும்தான் செலவு. கமரா உள்ளதற்குக் கமரா கொழுவும் தாங்கியோடு வருகிற கண்ணாடிதான் வேண்டும். பொருத்திய பிறகு, சமதரையில், ரயர்க் காற்று சரியாக இருக்க, இலக்குப் பலகை வைத்து, ஸ்கானர் போட்டுக் கமராவின் நோக்கைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். போன கிழமை கண்ணாடி மாற்றிய இடத்தில் இது ஒன்றும் நடக்கவில்லை. கமராவைக் கொழுவி, "எல்லாம் சரி, கொண்டுபோங்கோ" என்று சாவியைத் தந்துவிட்டார்கள். மீற்றரில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெரியாத வேலையைத் தெரியாது என்று முதலே சொல்வதற்கு என்ன கஷ்டம்? கண்ணாடியைக் கொடுக்கும் முன் "எய்மிங் செய்வீங்களோ, இலக்குப் பலகை இருக்கோ?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறிடம் பாருங்கள். பசை இறுகும் வரை கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியபடி கதவை அடித்துச் சாத்தினால் உள்காற்று புதுக்கண்ணாடியை வெளியே தள்ளும்.

இதுவரை வாசித்தவர் ஜேஎல் எடுக்கலாம் என்று முடிவு கட்டியிருப்பார். நியாயமான கணக்கும் அதுதான். ஆனால் ஹெட்லைற்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஜேஎல்லில் இருப்பது எச்4 ஹலோஜன், 60/55 வாற்ஸ். பல்ப் எரிந்தால் கஸ்தூரியார் வீதியில் எந்தப் பார்ட்ஸ் கடையிலும் வாங்கி, பின்பக்க றப்பரைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விடுவித்து, கண்ணாடியில் விரல் படாமல் மாற்றிவிடலாம். மாரி மழையில் அதன் மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு இதமும்கூட. ஜேசியின் எல்ஈடி பழுதானால் விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டும், விலை வயிற்றைக் கலக்கும். இவ்வளவும் தெரிந்திருந்தும், பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கம் போகிற ஏ32 வீதியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருக்கால் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத நீட்டு, நடு வீதியில் படுத்திருக்கும் மாடு, லைற் இல்லாத சைக்கிள். ஹலோஜன் லோபீமில் கறுத்த மாடு தெரியும்போது பிரேக்கில் கால் வைக்க மட்டும்தான் நேரம் இருக்கும். எல்ஈடியில் வீதியின் இரண்டு ஓரமும் சேர்த்து விரிந்து தெரியும். படுத்திருப்பது மாடா, மணல் மூட்டையா என்று யோசித்து வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும். பின்னால் ஆட்களும் பாரமும் ஏறி வண்டியின் மூக்கு நிமிர்ந்தாலும் வெளிச்சத்தின் உயரத்தை அது தானாகவே சரிசெய்யும், எதிரே வருகிறவரின் கண் கூசாது.

வாசர்தான் எதிர்பாராத சந்தோசம். எல்ஈடி விளக்குக் கண்ணாடி சூடாகாததால் பனி உருகாது, அதைக் கழுவப் பனி விழும் ஊர்களுக்காக வைத்த வசதி இது. பண்ணைத் தாம்போதியில் காற்றோடு வரும் உப்புத்தூளும், மழைக்காலத்து ஈசலும் விளக்கில் படிந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும் எங்கள் ஊருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: வாசர்த் தாங்கிக்குள் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்து விளக்கில் வெள்ளைப் புள்ளி விழும், பிறகு துளையும் அடைக்கும். மழைத்தண்ணீரோ, ஆர்ஓ தண்ணீரோ விடுங்கள். புள்ளி விழுந்திருந்தால் விம் தூளும் மணலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நன்னீரால் கழுவினால் போய்விடும்.

"ஜேஎல் எடுத்து எல்ஈடி பல்ப் போட்டால் சரிதானே" என்பவர்களுக்கு: சரியில்லை. எச்4 கிண்ணம் இழை எரியும் இடத்தை வைத்து வார்த்தது. அந்த இடத்தில் எல்ஈடியின் ஒளிரும் துண்டு சரியாக வந்து இருக்காது. வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், உங்கள் வீதியோ இருட்டாகவே இருக்கும். ஜேஎல்லில்தான் நிற்கப்போகிறீர்கள் என்றால் நல்ல ஹலோஜன் பல்பும், ரிலே போட்டுத் தனி வயரில் இரண்டு துணை விளக்கும் பூட்டுங்கள். துணை விளக்கை ஹைபீமோடு மட்டும் எரியும்படி இணையுங்கள். ஜேசியை எடுத்து ஸ்பிரிங் உயர்த்தப் போகிறவர்களுக்கும் ஒன்று: பின்பக்கத்து உயர உணரியின் தண்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் வண்டி மூக்கால் குனிந்திருக்கிறது என்றோ நிமிர்ந்திருக்கிறது என்றோ விளக்கு பிழையாகக் கணக்கெடுத்து, எப்போதும் தப்பான உயரத்திலேயே அடிக்கும். கமராவின் நோக்கும் மாறும்.

660 சிசி ஜிம்னியைப் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக: சிசி வரியில் அது இலேசு. 1475 மில்லிமீற்றர் அகலம் என்பதால் பனையோலை வேலி ஒழுங்கைக்குள் சுகமாகத் திரும்பும். எக்ஸ்ஜி, எக்ஸ்எல், எக்ஸ்சி என்று மூன்று கிறேட், எல்ஈடி எக்ஸ்சியில்தான். அதன் 16 அங்குல றிம் சியெராவுக்கு ஒத்துவராது, ஓவ்செற் (றிம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கிறது என்ற அளவு) வேறு. ஐந்து கதவு நோமாட் ஜப்பானில் எஃப்சி என்ற ஒரே கிறேட்டில்தான் வருகிறது, அதில் தெரிவுக்கே வேலை இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஜேசி எடுங்கள். மேலே எழுதின செலவுக் கணக்கு முழுக்க ஜேஎல் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். பகலில் மட்டும் ஓட்டுகிற, தோட்டத்துக்கும் கடலுக்கும் போய்வருகிற ஆள் என்றால் ஜேஎல் போதும், அதில் மாற்றமில்லை. நீங்கள் இரவில் பூநகரியால் வருகிற ஆள்.

வண்டி வந்ததும் அலோயைக் கழற்றி வைத்துவிட்டு, அலோய் ஆசையில் ஜேஎல்காரர் கழற்றி விற்கிற இரும்பு றிம் நான்கு தேடுங்கள். 15 அங்குலம், 5.5ஜே அகலம், ஓவ்செற் +5, ஐந்து ஓட்டை, ஓட்டைகள் நிற்கும் வட்டம் 139.7 மில்லிமீற்றர். நட் 12 மில்லிமீற்றர், 1.25 புரி. நட்டைக் கையால் முழுக்க ஓட்டிய பிறகு, நட்சத்திர வரிசையில், 100 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வாங்குகிற றிம்மின் உள் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.