கடையின் சொந்தப் பெயரா, பெரிய பிராண்டா: ஒரு சமையலறைக் கணக்கு

சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் உணவுப் பொருள்களைச் சில ஆண்டுகளாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். முதலில் ஒன்றிரண்டு வாங்கினேன். பிறகு கூடையில் பாதிக்கு மேல் அவைதான். சிலவற்றில் மறுபடியும் பெரிய பிராண்டுக்கே போய்விட்டேன், பலவற்றில் போகவில்லை. "எல்லாம் ஒரே தொழிற்சாலைச் சரக்குதான், மேலே ஒட்டும் பெயர்தான் வேறு" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். "இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான் என்றால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது" என்பார்கள் வேறு சிலர். எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்று சொல்லாதவரை இரண்டுமே வெறும் வாய்ப்பேச்சு.

எனக்கு இப்போது ஒரு கேள்வி போதும். இந்தப் பொருளில் விலை கூடிய பகுதி எது, அதைக் குறைத்துவிட்டு வேறு எதைக் கொண்டு நிரப்ப முடியும்? நிரப்ப வழியே இல்லாத பொருள் என்றால் மலிவானதை யோசிக்காமல் எடுத்துவிடுகிறேன். வழி இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறேன்.

உப்பு, சர்க்கரை, சமையல் சோடா ஆகிய மூன்றிலும் நிரப்ப ஒன்றுமில்லை. வெள்ளைச் சர்க்கரை என்பது 99 சதவீதத்துக்கும் மேல் சுக்ரோஸ். கரும்பிலிருந்து வந்தாலும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து வந்தாலும் அதே மூலக்கூறுதான். சமையல் சோடா ஒரு வேதிப்பொருள். உப்பில் பார்க்க வேண்டியவை இரண்டு: அயோடின் சேர்த்திருக்கிறதா, பரல் எவ்வளவு பெரியது. பரல் பெரிதாக இருந்தால் ஒரு கரண்டிக்குள் எடை குறைவாகவே அடங்கும். பாக்கெட் மாறியதும் "இந்த உப்பில் கரிப்பே இல்லை" என்று வீட்டில் எழும் குரலுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான், தரம் அல்ல. உப்பில் பெரிய பெயர் தேடுவது உப்புப் பெறாத வேலை என்பது என் கட்சி. இதில் எனக்குத் துணைக்குச் சமையல் கலைஞர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலை வைத்து 2015இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று, உப்பு, சர்க்கரை போன்ற சமையலறைச் சரக்குகளைத் தொழில்முறைச் சமையல்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கடையின் சொந்தப் பெயரிலேயே வாங்குகிறார்கள் என்று காட்டியது. தலைவலி மாத்திரை விஷயத்தில் மருந்தாளுநர்களும் மருத்துவர்களும் அப்படியே. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தவர்கள் பெயருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

ஓட்ஸ், உலர்ந்த பருப்பு வகைகள், உறைய வைத்த பட்டாணி ஆகியவையும் இதே கணக்கில் சேரும். உறைந்த கலவைக் காய்கறி மட்டும் சேராது. அதில் மலிவான பாக்கெட் எப்போதும் கேரட் மயம். பீன்ஸையும் சோளத்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தனித்தனியாக வாங்கி நானே கலந்துகொள்கிறேன்.

வெண்ணெய் வேறொரு காரணத்தால் பாதுகாப்பானது. அதில் நீரைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்க விற்பவருக்கு ஆசை இருக்கலாம், ஆனால் விதி விடாது. சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின்படி வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், நீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல நாடுகளின் சட்டமும் இந்த அளவையொட்டியே இருக்கிறது. ஆகவே சமையலுக்கும் கேக்குக்கும் எனக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான். ரொட்டியில் தடவிச் சாப்பிடும்போது 82 சதவீதக் கொழுப்புள்ளதும் நொதிக்க வைத்த பாலேட்டில் கடைந்ததும் நாக்குக்கு வித்தியாசமாகத் தெரிகின்றன. அதுவும் பெயரால் வந்த வித்தியாசம் அல்ல. அந்த வகை வெண்ணெயைக் கடைகளும் தங்கள் பெயரில் விற்கின்றன.

மாவைப் பற்றி அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். ரொட்டிக்கான மாவில் புரதம் 12, 13 சதவீதம் வரை போகும். கேக் மாவில் அதைவிட நன்றாகவே குறைவு. மலிவான "எல்லாவற்றுக்குமான" மாவில் இந்த அளவு ஒரு பையிலிருந்து அடுத்த பைக்கு நகர்கிறது என்பதை மாவு உறிஞ்சும் தண்ணீரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். குழம்பைக் கெட்டியாக்கவும் பொரிப்பதற்கு முன் புரட்டவும் அது போதும். ரொட்டி சுடுவதற்குப் புரத அளவை அச்சிட்டிருக்கும் பையை மட்டுமே வாங்குகிறேன், அது யாருடையதாக இருந்தாலும்.

நிரப்பும் கலை முழு வீச்சில் தெரிவது கெட்சப்பில். அதில் விலை கூடியது தக்காளி. மலிவானவை தண்ணீர், சர்க்கரை, மாவுச்சத்து. பாக்கெட் உணவின் உட்பொருள்களை எடை இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் கோடெக்ஸ் பொது விதியிலிருந்தே உள்ள நடைமுறை. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். நல்ல கெட்சப்பில் தக்காளிதான் முதலில் நிற்கும், கெட்டித்தன்மையும் தக்காளியிலிருந்தே வரும். மட்டமானதில் தண்ணீரோ சர்க்கரையோ முன்னால் வந்து நிற்கும்; கெட்டித்தன்மைக்கு மாற்றம் செய்த மாவுச்சத்தோ சாந்தன் பசையோ பொறுப்பேற்றுக்கொள்ளும். சில புட்டிகளில் "100 கிராமுக்கு 140 கிராம் தக்காளி" என்பது போல எழுதியிருப்பார்கள். அது அச்சுப்பிழை அல்ல, தக்காளியைச் சுண்டக் காய்ச்சி நீரை வெளியேற்றியதன் கணக்கு. அந்த எண் இருக்கும் இடத்தில் பிராண்டைப் பார்க்கவே தேவையில்லை, எண்ணை ஒப்பிட்டால் போதும். நான் பயன்படுத்திய மிக மலிவான புட்டி ஒன்றில் கெட்சப் தட்டில் விழுந்த சிறிது நேரத்திலேயே விளிம்பில் தண்ணீர் விட்டது. அதே கடையின் அடுத்த படி விலைப் புட்டி, பெரிய பிராண்டைவிடப் புளிப்பும் தக்காளி வாசமும் கூடியதாக இருந்தது. இப்போதும் அதைத்தான் வாங்குகிறேன்.

"அடுத்த படி" என்றேன். பலர் கோட்டை விடும் இடம் இது. கடையின் சொந்தச் சரக்கு என்பது ஒரே தரம் அல்ல. 1976இல் பிரான்சின் கார்ஃபூர் நிறுவனம் ஐம்பது பொருள்களைப் பெயரே இல்லாத வெள்ளைப் பொட்டலங்களில் வெளியிட்டது. 1978இல் கனடாவின் லோப்லாஸ் மஞ்சள் பொட்டலத்தில் கறுப்பு எழுத்தோடு வந்தது. அந்தக் காலத்தில் அது மலிவுச் சரக்கு மட்டும்தான். பிறகு கடைகள் மாடி கட்டத் தொடங்கின. பிரிட்டனின் டெஸ்கோ 1993இல் அடிமட்ட விலை வரிசையையும் 1998இல் உயர்தர வரிசையையும் கொண்டுவந்தது. இன்று பல பெரிய கடைகளில் மூன்று படிகள்: மிக மலிவானது, நடுத்தரம், பகட்டானது. என் அனுபவத்தில் நடுப்படிதான் கொடுக்கும் பணத்துக்கு மிகவும் பெறுமானமானது. மேல்படியில் பொட்டலத்தின் அழகுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். விலை சில நேரம் பெரிய பிராண்டையே தாண்டிவிடுகிறது.

சாக்லேட்டில் விலை கூடிய பகுதி கொக்கோ வெண்ணெய். அது உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகுவதால்தான் நல்ல சாக்லேட் வாயில் வழுக்கிக் கரைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு விதிப்படி, பால் சாக்லேட் போன்ற வகைகள் நீங்கலாக, வெறுமனே சாக்லேட் என்று விற்க வேண்டுமானால் கொக்கோவின் உலர்பொருள் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரைதான் சேர்க்கலாம், அதையும் மேலுறையில் சொல்லியாக வேண்டும். வேறு கொழுப்பு மிகுந்தால் நாக்கில் மெழுகு போல ஒட்டும். இதில் கடைச் சரக்கு பிராண்டுக்கு இளைத்தது என்று சொல்ல முடியாது. பெரும் புகழ் பெற்ற பால் சாக்லேட் கட்டிகளில் முதல் உட்பொருள் சர்க்கரையாக இருக்க, கடையின் சாதாரணக் கறுப்புச் சாக்லேட்டில் கொக்கோ முதலில் நிற்பதைப் பார்க்கிறேன். சமையலுக்கு அதுவே எனக்கு உகந்தது.

ஐஸ்கிரீமில் நிரப்புவது காற்று. கடையும்போது கலவையின் கன அளவு இரண்டு மடங்காகும் அளவுக்குக்கூடக் காற்றை ஏற்றிவிடலாம். ஐஸ்கிரீமைப் பல இடங்களில் லிட்டரில் விற்பதால் அந்தக் காற்றுக்கும் காசு கொடுக்கிறோம். டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவு டப்பாக்களில் கனமாக இருப்பதில்தான் சரக்கு அதிகம். இங்கே நான் பிராண்டின் பக்கம். மலிவான டப்பாவை எப்போதும் யாரோ ஒருவர் பாதியில் விட்டுவிடுகிறார், அது உறைபெட்டியின் மூலையில் பனி பூத்துக் கிடக்கிறது. கடைசியில் மிச்சப்படுத்தியது எதுவும் இல்லை.

காபியில் பெயரைவிடக் கொட்டையும் உலர்த்தும் முறையும் பேசுகின்றன. ரொபஸ்டா கொட்டை அராபிகாவைவிடப் பொதுவாக மலிவு, கசப்பும் கஃபீனும் கூடுதல். உடனடிக் காபியில் சூடான காற்றில் தெளித்து உலர்த்திய தூளைவிட, உறைய வைத்து உலர்த்திய பரல் வகை மணத்தை நன்றாகக் காக்கிறது. கடையின் பெயரில் உள்ள உறை உலர் காபி, பிராண்டின் தூள் காபியைவிட விலை குறைவாகவும் மணம் கூடுதலாகவும் இருந்தது. தேயிலைப் பைகளில் பைகளின் எண்ணிக்கையைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள். பை ஒன்றுக்கு எத்தனை கிராம் என்று வகுத்துப் பாருங்கள். சில மலிவுப் பெட்டிகளின் சூட்சுமம் அந்த வகுத்தலில் வெளிப்பட்டுவிடும். டின்னில் அடைத்த பயறுக்கும் மீனுக்கும் இதே போல, நிகர எடையை விட்டுவிட்டு நீர் வடித்த எடையைப் பார்க்க வேண்டும்.

பாஸ்தாவில் நாங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தோம். உணவுத் துறையில் இதை முக்கோணச் சோதனை என்பார்கள். மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் மற்றது. எது வேறுபட்டது என்று சுவைப்பவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பொருள் உண்டு. சாஸ் ஊற்றிய பாஸ்தாவில் எங்களில் யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெறும் எண்ணெயும் பூண்டும் சேர்த்தபோது சொல்ல முடிந்தது. வெண்கல அச்சில் பிழிந்ததன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. டெஃப்லான் அச்சில் வந்தது வழவழப்பாக நழுவுகிறது. ஆகவே வீட்டில் இரண்டும் இருக்கின்றன.

இந்தச் சோதனையைக் கண்ணை மூடிச் செய்வதற்குக் காரணம் உண்டு. 1964இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெயர் ஒட்டாத பீர் புட்டிகளைக் கொடுத்தபோது தாங்கள் வழக்கமாகக் குடிப்பது எது என்று பெரும்பாலோரால் பிரித்தறிய முடியவில்லை. பெயர் ஒட்டிக் கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மதிப்பெண் ஏறியது. என் வீட்டிலும் பிராண்டு டப்பாவில் கடையின் கார்ன்ஃபிளேக்ஸை நிரப்பி வைத்தபோது எந்தப் புகாரும் எழவில்லை. கார்ன்ஃபிளேக்ஸில் சுவையைவிட ஊட்டச்சத்துப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்: இரும்பும் வைட்டமின்களும் சேர்ப்பதில் மலிவு வகைகள் சில கை இழுத்துக்கொள்கின்றன.

"ஒரே தொழிற்சாலை" வாதத்துக்கு வருகிறேன். பல நேரங்களில் அது உண்மைதான். ஐரோப்பாவில் பால், இறைச்சிப் பொருள்களின் மேல் நீள்வட்ட முத்திரையில் ஆலையின் அனுமதி எண் இருக்கும். இரண்டு பொட்டலங்களின் எண் ஒன்றாக இருந்தால் ஆலையும் ஒன்று. ஆனால் ஆலை ஒன்று என்பதால் செய்முறை ஒன்று ஆகிவிடாது. ஒரே அடுப்பில் இருவருக்கு இரண்டு விதமாகச் சமைத்துத் தர முடியும். பெரும்பாலும் விலை வித்தியாசம் பிறப்பது விளம்பரச் செலவிலும், கண்ணுக்கு நேரான அலமாரித் தட்டுக்காகக் கொடுக்கும் பணத்திலும்.

பாதுகாப்பு பற்றிய பயத்துக்கும் பெயர் மருந்தாகாது. 2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்ற உணவில் குதிரை இறைச்சி இருந்தது அம்பலமானபோது, மலிவு வரிசைப் பொட்டலமும் பெயர்பெற்ற நிறுவனத்தின் உறைந்த உணவும் சேர்ந்தே மாட்டின.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் பிராண்டுக்கு நான் ஒப்புக்கொள்ளும் உண்மையான பலம் ஒன்று உண்டு: நேற்றைய சுவை நாளையும் கிடைக்கும். கடைகள் ஒப்பந்தக்காரரை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பொட்டலம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பிஸ்கட் திடீரென்று தடித்துவிடுகிறது, தயிர் நீர்த்துவிடுகிறது. எங்களுக்குப் பிடித்துப்போன கடலை வெண்ணெய் ஒன்று அப்படித்தான் சர்க்கரை கூடி வந்து, வீட்டை விட்டே போனது. ஆனால் பெரிய பிராண்டுகளும் சத்தமில்லாமல் பொட்டலத்தின் எடையைக் குறைக்கின்றன என்பதால் இந்தப் பலத்துக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன்.

இன்னொரு செய்தி: தள்ளுபடி வரும் வாரத்தில் பிராண்டு, கடைச் சரக்கைவிடக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. எண்ணெய், காபி, பாஸ்தா போல நாள்பட நிற்கும் பொருள்களுக்கு அந்த வாரத்தில்தான் பிராண்டைத் தொடுகிறேன். அப்போதும் பொட்டலத்தின் விலையைப் பார்ப்பதில்லை. அலமாரிச் சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைத்தான் பார்க்கிறேன்.