ஸ்லைசர் ஃபார் ஃபியூஷன் 360: திண்ம உருவத்தைத் தகடுகளாகப் பிரிக்கும் மென்பொருள்

கணினியில் வடித்த முப்பரிமாண உருவம் ஒன்றை அட்டையிலோ மரநார்களை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலோ அக்ரிலிக்கிலோ லேசரால் வெட்டி, வெட்டிய துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் திண்ம உருவமாக நிறுத்த விரும்புவோருக்கு, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ‘ஸ்லைசர் ஃபார் ஃபியூஷன் 360’ அளவுக்கு இணக்கமான இலவச மென்பொருள் வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. ‘123டி மேக்’ என்ற பெயரில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த இது, ‘123டி’ குடும்பத்தைச் சேர்ந்த செயலிகளை நிறுவனம் 2017இல் நிறுத்தியபோது இப்போதைய பெயரைப் பெற்றது. பெயரில் அந்நிறுவனத்தின் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷன் இருந்தாலும் இது தனியாகவே இயங்கும். ஃபியூஷன் கற்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் இதன் வளர்ச்சி நின்றுவிட்டது, புதிய பதிப்புகள் வருவதில்லை என்பதை நிறுவுவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது.

உருவத்தைத் தகடுகளாகப் பிரித்து அடுக்கும் எண்ணம் கணினிக்கு முந்தையது. மலைகளின் சமவுயரக் கோடுகளை மெழுகுத் தகடுகளில் வரைந்து வெட்டி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிலப்பரப்பு மாதிரி செய்யும் முறைக்கு 1892ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பிளாந்தர் என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஒவ்வொரு உயரத்திலும் வடிவத்தின் குறுக்குவெட்டு எப்படியிருக்கும் என்று கணக்கிட்டு வரையும் உழைப்பைத்தான் ஸ்லைசர் சில நொடிகளில் முடித்துத் தருகிறது. முப்பரிமாண உருவங்களைச் சேமிக்கும் எஸ்டிஎல் அல்லது ஓபிஜே கோப்பைத் திறந்து, பலகையின் நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றைக் கொடுத்தால், எண்ணிட்ட துண்டுகள் பலகைகளில் பரப்பப்பட்ட நிலையில் இபிஎஸ், பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப் ஆகிய வடிவங்களில் வெட்டுக்கோடுகள் அடங்கிய கோப்புகள் கிடைக்கின்றன.

இதில் பல கட்டுமான முறைகள் இருந்தாலும் லேசர் வேலைக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை இரண்டு. முதலாவது, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் அடுக்கு முறை; இரண்டாவது, இரு திசைகளில் வெட்டிய தகடுகளைக் காடிகளின் (தகட்டில் வெட்டிய நீள்பிளவுகளின்) வழியே ஒன்றுக்குள் ஒன்று செருகும் பின்னல் முறை. அடுக்கு முறையில் உருவம் கனமாகவும் நுணுக்கமாகவும் வரும், ஆனால் பலகை ஏராளமாகச் செலவாகும். 150 மி.மீ. உயரமுள்ள ஒரு தலைச்சிற்பத்தை 3 மி.மீ. பலகையில் செய்தால் 50 அடுக்குகள் வேண்டும். உருவத்தின் உள்ளே குடைந்துவிடும் வசதியும், அடுக்குகள் நகராமல் நேர்கோட்டில் நிற்பதற்காக முளைக்குச்சி நுழையும் துளைகளை எல்லா அடுக்குகளிலும் ஒரே இடத்தில் இடும் வசதியும் மென்பொருளிலேயே இருக்கின்றன. முளைத்துளை இல்லாமல் 50 அடுக்குகளைக் கண்ணளவில் ஒட்டத் தொடங்குவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னல் முறைக்குப் பலகை மிகக் குறைவாகவே போதும். பசையும் பெரும்பாலும் வேண்டாம். எந்தத் துண்டை எதற்குப் பின் செருக வேண்டும் என்பதைப் படிப்படியாக அசைவுப்படமாகக் காட்டும் பகுதிதான் இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது. எதனோடும் இணையாமல் தனித்து நிற்கும் துண்டு இருந்தால் அதை நிறம் மாற்றிக் காட்டிவிடுவதால், பலகை வீணாவதற்கு முன்பே திருத்திக்கொள்ள முடிகிறது.

மென்பொருள் கேட்கும் எண்களில் தடிமனைப் போல முக்கியமானது வேறில்லை. 3 மி.மீ. என்று விற்கப்படும் பலகை உண்மையில் 2.8 ஆகவும் இருக்கலாம், 3.1 ஆகவும் இருக்கலாம். அடுக்கு முறையில் இந்தச் சிறு வேறுபாடு ஒவ்வோர் அடுக்கிலும் சேர்ந்துகொண்டே போகும்: 3 என்று கொடுத்துவிட்டு 2.8 மி.மீ. பலகையில் வெட்டினால், மேலே சொன்ன 150 மி.மீ. தலை 140 மி.மீ. உயரத்தில் நசுங்கிய முகத்தோடு முடியும். பின்னல் முறையில் லேசர் எரித்துவிடும் தடத்தின் அகலமும் கணக்கில் வருகிறது. அந்தத் தடம் 0.2 மி.மீ. என்று கொண்டால், கதிர் கோட்டின் நடுவில் செல்வதால் காடியின் இருபுறமும் 0.1 மி.மீ. கூடுதலாகப் போய், 3 மி.மீ. என வரைந்த காடி 3.2 ஆகிவிடுகிறது; அதில் 2.8 மி.மீ. பலகையைச் செருகினால் 0.4 மி.மீ. இடைவெளியில் முழு உருவமும் ஆடும். இதைச் சரிசெய்யக் காடியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனிக் கட்டம் தரப்பட்டிருக்கிறது. எனவே தடிமனை நுட்பமாக அளக்கும் காலிப்பரால் பலகையைப் பல இடங்களில் அளந்து, அதே பலகையின் ஓரத்தில் 0.1 மி.மீ. வித்தியாசத்தில் சில காடிகளை வெட்டிச் செருகிப் பார்த்து, இறுக்கமாகப் பொருந்தும் அளவைக் கண்டுபிடித்த பிறகே முழுக் கோப்பையும் வெட்டக் கொடுப்பதுதான் முறை.

வெட்டும் திசையைத் தேர்வதில் மென்பொருள் உதவினாலும் முடிவு நம்முடைய கண்ணைச் சார்ந்தது. லேசர் செங்குத்தாக மட்டுமே வெட்டும் என்பதால் சரிவுகள் எல்லாம் படிகளாகவே தெரியும். 3 மி.மீ. பலகையில் 45 பாகைச் சரிவு 3 மி.மீ. அகலப் படியாக வரும். 10 பாகை மட்டுமே சாய்ந்த பரப்பில் அதே படி ஏறத்தாழ 17 மி.மீ. அகலமாகிவிடும். சமவெளி நிறைந்த நிலப்பரப்பு மாதிரிகள் வெறுமையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்; உயரத்தை மட்டும் சற்றே பெருக்கிக்கொள்வதும், தடிமன் குறைந்த அட்டைக்கு மாறுவதும் அங்கே கைகொடுக்கும். முகம் செய்வதானால், கீழிருந்து மேலாக வெட்டும்போது நெற்றி முதல் முகவாய் வரை கிடைக்கோடுகள் ஓடும், பின்னிருந்து முன்னாக வெட்டும்போது மூக்கைச் சுற்றி வளையங்கள் விரியும். திரையில் திசையை மாற்றி மாற்றிப் பார்க்க முடிவதால் இந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. ஓட்டையுள்ள, மேற்பரப்பு முழுமையாக மூடாத கோப்புகளில் அடுக்குகள் சிதைந்து வருகின்றன. முன்கூட்டியே வேறொரு மென்பொருளில் அதைச் சீர்செய்ய வேண்டும். எஸ்டிஎல் கோப்பில் அளவு மட்டுமே இருக்கும், அலகு இருக்காது என்பதால், மில்லிமீட்டரா அங்குலமா என்பதை நாமே உறுதி செய்ய வேண்டும். துண்டுகளைப் பலகையில் பரப்புவதிலும் போதிய சிக்கனம் இல்லை. விலையுயர்ந்த அக்ரிலிக்கில் வேலை செய்பவர்கள் டிஎக்ஸ்எஃப் கோப்பை ‘டீப்நெஸ்ட்’ என்னும் திறமூல மென்பொருளுக்குக் கொண்டுபோய் மறுபடி நெருக்கமாக அடுக்குவது நல்லது.

பராமரிப்பு நின்றுபோன மென்பொருளை நம்பத் தயங்குவோர் அடுக்கு முறை மட்டும் போதுமானால் ‘கிரி மோட்டோ’வைப் பார்க்கலாம். உலாவியிலேயே இயங்கும் இந்தத் திறமூலக் கருவியின் லேசர் பகுதி, உருவத்தை அடுக்குகளாக்கி எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப் வடிவங்களில் தருகிறது. கட்டளை எழுதப் பழகியவர்களுக்கு ‘ஓபன்ஸ்கேட்’ மென்பொருளில் ஒவ்வொரு உயரத்துக்கும் குறுக்குவெட்டை எடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் செருகிக் கோக்கும் பின்னல் முறையையும் அதைப் பொருத்தும் வரிசையையும் ஸ்லைசர் போல எளிதாக இவை தருவதில்லை என்பதால், அந்த வேலைக்கு நான் இன்னும் இதையே திறக்கிறேன்.

கோப்பை வெட்டும் கடைக்கு அனுப்பும்போது 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை ஓரத்தில் வரைந்து சேர்த்துவிட்டால், அவர்களுடைய கணினியில் அளவு மாறியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். வெட்டும் கோட்டையும் எண்ணைப் பொறிக்கும் கோட்டையும் வெவ்வேறு நிறத்தில் வைத்து, எது எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். நாமே பலகை வாங்கிக்கொண்டு போவதானால் அது பிவிசி அல்ல என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். லேசர் பட்டால் அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு இயந்திரத்தை அரிப்பதோடு, அதை இயக்குபவரின் நுரையீரலையும் பாதிக்கும்.