மேடவாக்கம் கூட்ரோட்டைச் சுற்றிய பதினைந்து ஆண்டுகள்

2009-இல் சென்னையின் தென்புறத்திலுள்ள மேடவாக்கத்தில் குடியேறியபோது, வீடு பார்த்துக் கொடுத்தவர் நான்கு திசைக்கும் ரோடு இருக்கிறது என்பதையே பெரிய பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையோடு பரங்கிமலைச் சாலை, சோழிங்கநல்லூர்ச் சாலை, மாம்பாக்கம் சாலை ஆகிய மூன்றும் இங்கே அருகருகே வந்து சேர்கின்றன. அந்த வசதியே பல ஆண்டுகள் எங்களுக்குத் தொல்லையாகவும் இருந்தது. மாலை நேரத்தில் பள்ளிக்கரணையைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டால், இறங்கி நடந்தவர்கள் எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

2022 மே மாதம், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் திசையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. எதிர்த்திசைக்கான பாலம் அதற்கு முன்பே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. நேராகச் செல்பவர்களுக்கு இது பெரும் விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேடவாக்கத்தில் இறங்க வேண்டியவரும், சோழிங்கநல்லூர்ப் பக்கம் திரும்ப வேண்டியவரும், நிறுத்தத்தில் ஆளேற்ற வேண்டிய பேருந்தும் பாலத்துக்குக் கீழேதான் ஊர்ந்தாக வேண்டும். பாலம் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதனால் அதிகம் பயன்பெறுபவர்கள் செம்பாக்கத்தாரும் சேலையூராரும்தான் என்று நாங்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

என் அலுவலகம் ராஜீவ் காந்தி சாலையில், அதாவது எல்லோரும் ஓ.எம்.ஆர். என்று அழைக்கும் மாநில நெடுஞ்சாலை 49ஏ-வில் இருப்பதால், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் செல்லும் இணைப்புச் சாலையே எனது அன்றாட வழி. அதன் முனையில் இருந்த சுங்கச்சாவடியில் 2021 ஆகஸ்ட் இறுதியில், மெட்ரோ பணிகளை முன்னிட்டு, கட்டணம் வசூலிப்பதை நிறுத்தினார்கள். மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மாதவரத்திலிருந்து கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரும் ஐந்தாம் வழித்தடத்துக்காகச் சாலை நடுவே தகரத் தடுப்புகள் எழுந்தன. கட்டணமாகக் கொடுத்ததை இப்போது நேரமாகக் கொடுக்கிறேன். அதனால் காலை ஏழு மணிக்கு முன் கிளம்பும் நாட்களில் பள்ளிக்கரணை சென்று, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையைப் பிடிக்கிறேன். தொலைவு கூடுதல்தான். இருந்தாலும் சதுப்பு நிலத்தை ஊடுருவிச் செல்லும் அந்தச் சாலையில் குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடையையும் உடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் இந்தத் திட்டங்கள் எதுவும் செல்லாது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கியே வருகிறது. அதன் குறுக்கிலும் விளிம்பிலும்தான் நம் சாலைகள் கிடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், பள்ளிக்கரணைப் பக்கம் வண்டியில் போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் நான் வண்டியை வெளியே எடுப்பதில்லை.

மாம்பாக்கம் சாலையை முன்பெல்லாம் நான் பொருட்படுத்தியதே இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கிழக்குத் தாம்பரம் சென்று ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் திருச்சி நெடுஞ்சாலை நெரிசலில் சிக்குவதைவிட, சித்தாலப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, கொளப்பாக்கம் வழியாக வண்டலூரை அடைவது சுற்றாக இருந்தாலும் பதற்றமில்லாதது. சித்தாலப்பாக்கத்துக்கு அப்பால் சில இடங்களில் விளக்கு போதவில்லை. மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஆகவே இரவுப் பேருந்துக்குப் போவதென்றால், இருசக்கர வாகனத்தைத் தவிர்த்து, ஆட்டோவிலோ காரிலோ இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன்.