பயிற்சிச் செயலி நல்லதுதான், ஆனால் அந்த ஸ்லைடர்…

நாங்கள் இரண்டாவது ஆண்டாகப் பயன்படுத்தி வரும் நடத்தை அறிவியல் அடிப்படையிலான பயிற்சிச் செயலியை வாங்கலாமா என்று, வேறொரு மருத்துவ ஆய்வு மையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் தோழி கேட்டிருந்தார். ஜி.சி.பி. (நோயாளிகளைக் கொண்டு ஆய்வு நடத்துவதற்கான நன்னடத்தை விதிகள்) பாடங்களும் சான்றிதழும் வருகைப் பதிவும் எந்தச் செயலியிலும் கிடைப்பவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இதன் உயிர் இருப்பது ஒரே ஒரு வசதியில்தான். விடையைத் தேர்ந்தெடுத்ததும், அது சரியா தவறா என்று சொல்வதற்கு முன், அந்த விடையில் நமக்கு எத்தனை விழுக்காடு உறுதி என்று, நகர்த்திக் குறிக்கும் ஸ்லைடர் ஒன்றைக் காட்டிக் கேட்கிறது. மிகுந்த உறுதியோடு தவறாகச் சொன்னவற்றைச் சில நாள் கழித்து வேறு நோயாளி, வேறு சூழல் என்று மாற்றி மீண்டும் முன்னால் வைக்கிறது. அடித்துச் சொன்ன விடை தவறு என்று தெரியவரும்போது அந்தத் திருத்தம் கூடுதலாக மனத்தில் பதிகிறது என்று 2001இல் உளவியலாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் எழுதினார்கள். அதை இவர்கள் பயிற்சிக்குள் கொண்டுவந்திருக்கும் விதம் அழகு.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஆய்வில் சேர்க்க ஹீமோகுளோபின் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்பது புரோட்டோகால், அதாவது ஆய்வின் எழுதப்பட்ட விதி; நோயாளிக்கு 9.8. முதல்முறை கதையில் அவசரம் ஏதுமில்லை, எல்லாரும் சேர்க்க முடியாது என்றார்கள். சில வாரங்கள் கழித்து அதே எண் வந்தது. ஆனால் இம்முறை நோயாளிக்கு வேறு சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை, ஆய்வில் சேர்க்க வேண்டிய மாத இலக்குக்கு ஒருவர் குறைகிறார், ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்பான்சரிடமிருந்து நினைவூட்டலும் வந்திருக்கிறது. எங்கள் குழுவில் பலர், விதி தெரிந்தவர்களே, 'விலக்குக் கேட்டுப் பார்க்கலாம்' என்ற விடைக்கு நழுவினார்கள். செயலி இரண்டு விடைகளையும் அருகருகே வைத்து, எண் மாறவில்லையே, பிறகு எது மாறியது என்று மட்டும் கேட்டது. எந்த வகுப்பறைச் சொற்பொழிவும் இவ்வளவு சுருக்கமாக இதை உணர்த்தியதில்லை. நோயாளியிடம் ஒப்புதல் பெறுவது பற்றிய பாடமும் இதே தரம்: '90 விழுக்காட்டினர் பிழைப்பர்', '10 விழுக்காட்டினர் இறப்பர்' என்ற ஒரே தகவல் சொல்லும் விதத்தால் மருத்துவர்களின் தேர்வையும் மாற்றியதை 1982ஆம் ஆண்டு ஆய்வைக் கொண்டு விளக்குகிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். உறுதியைக் குறிக்கும் அந்த ஸ்லைடர் திரையில் தோன்றும்போதே 80இல் நிற்கிறது. வேலை நெருக்கடியில் இருப்பவர் அதைத் தொடாமல் 'அடுத்து' பொத்தானை அழுத்திவிடுகிறார். எதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்ணே இப்படிப் பழுதாகிவிட்டால், மேலே நான் புகழ்ந்த வசதி எதை நம்பி இயங்கும்? மாதாந்தர அறிக்கையில் ஆளுக்கு ஆள் வரிசையாக 80, 80, 80 என்று வருகிறது. அதைக் குழுவின் 'நிலையான தன்னம்பிக்கை' என்று வேறு பாராட்டுகிறார்கள். முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டதை மனிதர்கள் மாற்றுவதில்லை என்பதற்கு, உறுப்பு தானம் பற்றி ஜான்சனும் கோல்ட்ஸ்டீனும் 2003இல் எழுதிய கட்டுரையை இதே செயலியின் ஒரு பாடம் எடுத்துக்காட்டுகிறது! நிறுவனத்துக்கு எழுதினோம்; அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார்கள். அடுத்த பதிப்பு வந்தது, நிறம் மாறியது, ஸ்லைடர் அங்கேயே நின்றது.

நியாயமாகப் பார்த்தால், இலக்கு நெருக்கடியில் தீர்மானம் எப்படிச் சாய்கிறது என்பதை எங்கள் குழுவுக்கு இவ்வளவு நேரடியாகக் காட்டிய பயிற்சி வேறெதுவும் இல்லை. புதிதாகச் சேரும் ஒருங்கிணைப்பாளருக்கு அந்த ஹீமோகுளோபின் கேள்வி ஒன்றே போதும். ஆனாலும் தோழிக்கு நான் எழுதிய பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். நாங்களும் இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.