சினிஸ்டர் சிக்ஸ், ஆனால் ஆள் என்னவோ ஐந்துதான்

மார்வெல் 2013-14இல் வெளியிட்ட 'தி சுப்பீரியர் ஃபோஸ் ஆஃப் ஸ்பைடர்-மேன்' காமிக்ஸ் தொடர் மொத்தம் 17 இதழ்கள். கதை நிக் ஸ்பென்சர், ஓவியம் ஸ்டீவ் லீபர். தலைப்பை நம்பி ஸ்பைடர்-மேன் சாகசம் தேடினால் ஏமாற்றம்தான். அவர் தலைகாட்டுவதே அபூர்வம். அவரிடம் காலங்காலமாக அடி வாங்கிய பூமராங், ஷாக்கர், ஸ்பீட் டீமன், ஓவர்டிரைவ், புதிய பீட்டில் ஆகியோரின் கதை இது. ஐந்து பேரும் சேர்ந்து தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர் சினிஸ்டர் சிக்ஸ். ஆறாவது ஆள் எங்கே என்ற கேள்வியை இந்தத் தொடர் விடாமல் வைத்து விளையாடுகிறது.

யாரும் சீந்தாத பழைய வில்லனைத் தூசு தட்டும்போது வழக்கமாக ஒரு தவறு நடக்கும். உடையைக் கறுப்பாக்கி, நாலு கொலையைச் செய்யவைத்து, சிரிப்புக்கு இடமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது எந்தப் பெயரையும் ஒட்டிவிடக்கூடிய ஒரு கொலைகாரன். வாசகர் அவனை நினைவில் வைத்திருந்ததற்கு ஒரே காரணம் அந்த அபத்தம்தான். அதுவே போய்விட்டால் மீட்டெடுத்து என்ன பயன்?

ஸ்பென்சர் அபத்தத்தில் கை வைக்கவில்லை. பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றுகிறார். பூமராங் 1966இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஹல்க்குக்கு எதிரியாக உருவாக்கிய ஆள். லஞ்சம் வாங்கி பேஸ்பாலிலிருந்து துரத்தப்பட்ட பந்துவீச்சாளர். நெற்றியில் பூமராங் மாட்டிக்கொண்டு திரியும் அந்த உடை அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே அவருக்கு பரோல் அதிகாரி உண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பழக்கம் உண்டு. அந்த அதிகாரி வேறு யாருமல்ல, பீட்டில் என்ற பெயரில் முன்பு வில்லனாகத் திரிந்து, பிறகு திருந்திவிட்ட முதல் ஆள். கதை சொல்பவரும் பூமராங்தான். அவர் வாய் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டும். நகைச்சுவையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஷாக்கரைக் கையாண்ட விதம் இன்னும் நுட்பம். 1967இல் வந்த அந்த மஞ்சள்-பழுப்பு உடையை மெத்தை உறை என்று கேலி செய்யாதவர் குறைவு. ஆனால் மணிக்கட்டுக் கருவிகள் எழுப்பும் அதிர்வு தன் உடம்பையே நொறுக்காமல் காப்பது அந்தப் பஞ்சுத் தையல்தான். தன் கருவியைத் தானே செய்து, அதன் பின்விளைவுக்கும் சேர்த்துத் தைத்துக்கொண்ட ஆள் அவர். தொடர் அவரைக் கோழையாகக் காட்டுகிறது, பிறகு மாஃபியா தலைவன் சில்வர்மேனின் வெட்டப்பட்டும் உயிரோடிருக்கும் தலையை அவரிடம் ஒப்படைத்து, மெல்ல மெல்ல நிமிரவைக்கிறது. பதினேழு இதழ்களில் மனதில் ஆழமாகத் தங்குவது இந்தப் பகுதிதான்.

லீபரின் பேச்சுக் குமிழிகளில் சில இடங்களில் சொற்களுக்குப் பதில் குட்டிப் படங்கள் இருக்கும். பக்கத்துக்குப் பல சிறு கட்டங்கள், பின்னணியிலும் சின்னச் சின்ன விஷயங்கள். கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் இதெல்லாம் வீண். முழுப் பக்கமும் ஒருசேரத் தெரியும் டேப்லெட்டோ அச்சுப் புத்தகமோ வேண்டும்.

மூன்று தொகுப்புகள்: முதலாவதில் 1 முதல் 6, இரண்டாவதில் 7 முதல் 11, மூன்றாவதில் 12 முதல் 17. பத்தாவதும் பதினொன்றாவதும் வேறு எழுத்தாளர்களின் கைவண்ணம். மையக் கதை அங்கே நின்றுவிடும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டி நேராக 12க்குப் போகலாம், எதுவும் விட்டுப்போகாது. முன்கதையாகத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தச் சமயத்தில் ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கரின் உடம்புக்குள் இருந்தது வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் மனம். மூன்றாவது தொகுப்பில் துரோகத்துக்கு மேல் துரோகம் அடுக்கியிருப்பது சற்று அலுப்புதான்; யார் யாரை ஏமாற்றினார் என்று திரும்பிப் புரட்டவேண்டி வரும்.

பழைய வில்லனை மீட்டெடுக்கும் இதே வேலையை நேரெதிர் வழியில் செய்ததையும் பார்க்க விரும்பினால், டாம் கிங் எழுதிய பேட்மேன் 27, 30ஆம் இதழ்கள் இருக்கின்றன. 1960இன் பட்டம் விடும் வில்லன் கைட் மேனுக்கு, நஞ்சு தடவிய பட்டக் கயிற்றால் இறக்கும் மகனைக் கொடுக்கிறார். பட்டம் மட்டும் பட்டமாகவே இருக்கிறது. இரண்டில் எதை முதலில் வாங்குவது என்றால், ஷாக்கருக்காகவே இந்தத் தொடரின் முதல் தொகுப்பை.